சின்க்ளேர் குலத்தோன் செங்கற்சூடு மீட்ட வரலாறு

வாழ்க மர்டோ சின்க்ளேர்! வடகடல் அலையறைந்து உப்பேறிய தர்சோ நகரின் மேற்கு எல்லையில், மாடிப்படி இருபத்தாறும் ஏறினால் இடப்பக்கம் தோன்றும் பச்சைக் கதவுக்கு உரியோன் வாழ்க! முப்பத்தோராண்டுக் காலம் ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்தில் மழைக்கும் மழைக்கும் நடுவே நின்று, ஓர்க்னித் தீவுக்குப் புறப்படும் கப்பலின் அகன்ற வாய்க்குள் லாரியும் காரும் செம்மறியாடு ஏற்றிய வண்டியும் ஒன்றையொன்று உரசாது புகும்படி வெறுங்கையசைப்பாலேயே ஆணை செலுத்திய கோமான் வாழ்க! ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டரணிந்த மார்பன், கோடிட்ட நோட்டுப்புத்தகம் நீங்காத கையன், வெப்ப அளவுமானி செருகிய சட்டைப்பையன், எழுபத்து மூன்று குளிர்காலம் கண்ட தோளன் வாழ்க!

சூடே, உன்னையும் வணங்குகிறோம். நீ இருக்கும் வீட்டில் உன்னை யாரும் நினைப்பதில்லை. நீ நீங்கிய வீட்டில் வேறெதையும் நினைக்க முடிவதில்லை. இந்த வரலாறு தடையின்றி நடந்தேற, நாங்கள் எழுதும் விரல் விறைக்காமலேனும் காப்பாயாக.

மர்டோவின் இல்லத்தில் மூன்று ஹீட்டர்கள் இருந்தன. கூடத்தில் ஒன்று, நடையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. வெளிப்பார்வைக்குச் சுவரோரம் சாய்ந்த வெள்ளைத் தகரப்பெட்டிகள். உள்ளேயோ செங்கல் அடுக்கிய கருங்குகைகள். ஊருறங்கும் நேரத்தில் மலிவாக விடப்படும் மின்சாரத்தை நள்ளிரவு தொடங்கிக் காலை ஏழு மணிவரை வயிறாரக் குடித்து, குடித்த வெப்பத்தைச் செங்கல்லில் பதுக்கி, பகலெல்லாம் பெருமூச்சாக வெளிவிடுவதே அவற்றின் தொழில். எப்போது குடிக்கலாம் என்று மின்சாரத்துக்கு மடை திறந்து மடை மூடும் அதிகாரம் நடையலமாரியிலிருந்த பழைய மீட்டருக்கு இருந்தது.

மர்டோவுக்கோ அதன்மேல் ஒரு நோன்பு இருந்தது. இரவு பத்து மணிக்கு, படுக்கப் போகுமுன், மூன்று ஹீட்டர்களின் சுவர் சுவிட்சுகளையும் போடுவான். காலை ஏழரைக்கு, கஞ்சிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுமுன், மூன்றையும் அணைப்பான். ஏழு மணிக்கே மீட்டர் மடையை மூடிவிடுவதால் அணைக்க வேண்டிய தேவை எள்ளளவும் இல்லை. தேவையில்லை என்பதற்காக ஒரு கடமையை விட்டுவிடலாகுமா? ஆளில்லா அறையில் விளக்கெரிய விட்டவன் கடைத்தேறியதாகச் சரித்திரமில்லாத மண்ணில் பிறந்தவன் அவன். இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்த நோன்பு ஒரு நாளும் தவறவில்லை.

இங்ஙனம் உலகு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில், சனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பழைய மீட்டரைப் பெயர்த்துப் புதிய ஸ்மார்ட் மீட்டரை நிறுவும் பொருட்டு, மின்விற்பனைக் கழகத்தாரின் படைவீரன் ஒருவன் வெள்ளை வேனில் வந்திறங்கினான். எதிர்வீட்டு ஷீனா ஸ்வான்சனுக்கு இருபது நிமிடம், மர்டோவுக்கு இருபது நிமிடம் என்று இரண்டு கோட்டைகளையும் நாற்பது நிமிடத்தில் கைக்கொண்டு, சிரிக்கும் குடும்பம் ஒன்றின் படம் போட்ட காகிதத்தை இரு வீட்டிலும் வைத்துவிட்டு, அடுத்த ஊரை நோக்கி விரைந்தான்.

புதன் காலை மர்டோ கூடத்து ஹீட்டரின்மேல் உள்ளங்கையை வைத்தான். கல்லறைக் கல்லின் மேல் வைத்தது போலிருந்தது. நடையிலும் அவ்வாறே. படுக்கையறையிலும் அவ்வாறே. அளவுமானி பதினொரு டிகிரி காட்டியது. மர்டோ அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டான். சுவிட்சுகள் மூன்றையும் முறைப்படி அணைத்தான். பேருந்து பிடித்து மருத்துவமனைக்குப் போனான்.

ஏனெனில் அங்கே, நுரையீரலில் சளி கட்டிப் பதினாறு நாளாகப் படுத்திருந்தாள் அவன் மனைவி எஃபி. அன்றுதான் அவள் முதன்முதலாக எழுந்துட்கார்ந்து காப்பியைக் குறை சொன்னதால், உடல் தேறிவிட்டது என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பிலிருந்த செவிலி கேட்ரியோனா மெக்கே கட்டிலின் காலடியில் நின்று தீர்ப்பு வாசித்தாள்.

"வீட்டுல பதினெட்டு டிகிரி இருக்கணும், மிஸ்டர் சின்க்ளேர். திங்கக்கிழமை மூணு மணிக்கு நானே வந்து பார்ப்பேன். இருந்தா அன்னிக்கே கூட்டிட்டுப் போகலாம். இல்லேன்னா விக்ல இருக்கிற முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வெச்சிருக்கு. ஆறு வாரம்."

"கையில தூக்கிட்டுப் போற ஹீட்டர் ஒண்ணு இருக்கு..."

"அது கணக்குல வராது. ஒயர் தடுக்கி விழுந்தாங்கன்னா திரும்ப என்கிட்டதான் வருவாங்க."

எஃபியின் முகம் தலையணை உறையினும் வெளுத்தது. தர்சோக்காரி ஒருத்தியை விக் நகரில் ஆறு வாரம் வைப்பது என்பது, இருபது மைல் இடைவெளியில் இருநூறு ஆண்டாக ஒன்றையொன்று எள்ளிவரும் அவ்விரு ஊர்களின் வழக்கில் நாடுகடத்தலுக்குச் சமம்.

"விக்கா? அங்க தினம் சாயங்காலம் ஒருத்தன் வந்து அக்கார்டியன் வாசிப்பானாம். கை தட்டணுமாம்," என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "மனுஷா, போய் வீட்டைச் சூடு பண்ணு" என்றாள்.

அவ்வளவுதான் ஆணை. அரசி வாய்திறந்தாள், படை எழுந்தது.

வியாழன் காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசிப் போர் தொடங்கியது. மர்டோ நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீர்க் குடுவையை வலப்புறமும் நோட்டை இடப்புறமும் வைத்து, கழகத்தாரின் எண்ணை அழுத்தினான். வாடிக்கையாளர் சொல்வது எமக்கு உயிர்போல் முக்கியம் என்று உயிரில்லாத குரலொன்று கூறி, குழலிசையை அவிழ்த்துவிட்டது. காட்டாற்று வெள்ளத்தில் நெற்கதிர் நிற்பது போல, கோட்டை வாயிலில் யானைமுன் கதவு நிற்பது போல, ஐம்பத்திரண்டு நிமிடம் அக்குழலிசைமுன் நின்றான் மர்டோ. ஐம்பத்து மூன்றாம் நிமிடத்தில் ஓர் இளைஞன் தோன்றினான்.

"வணக்கம், நான் ஜோர்டன். உங்களை மர்டோன்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடக் கூடாது."

"சரி மர்டோ. உங்க மீட்டர் எங்க திரையில சூப்பரா பேசுது."

"யார்கிட்ட?"

"எங்ககிட்ட."

"என் ஹீட்டர்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுப்பா. ரெண்டு நாளா வீடு குகை மாதிரி கெடக்கு."

"ஹீட்டர் லைனுக்குத் தினம் ஏழு மணி நேரம் கரண்ட் திறந்து மூடியிருக்கு. பச்சைக் குறி காட்டுது. பச்சைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம்."

எந்த ஏழு மணி நேரம் என்று மர்டோ கேட்கவில்லை. ஜோர்டனும் சொல்லவில்லை. சொல்லும் கட்டம் அவன் திரையில் இல்லை. ஒரு கேள்வி குறைந்ததால் பேரரசுகள் சரிந்ததுண்டு. ஓர் இரண்டாம் மாடி வீடு எம்மாத்திரம்!

அதன்பின் மூவேந்தர் அவைக்கும் மர்டோ தூது போனான். மீட்டர் சரி, ஆகவே பழுது ஹீட்டரில், ஹீட்டரோ வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுவசதிச் சங்கத்தாருடையது என்றார்கள் மின் விற்போர். மீட்டர் மாற்றிய மறுநாள் வந்த பழுது மீட்டருடையதே, இதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும் என்றார்கள் வீட்டுவசதிச் சங்கத்தார். தெருக்கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரையே எம் ஆட்சி, சுவருக்கு உட்புறம் நாங்கள் எட்டிப் பார்ப்பதும் இல்லை என்றார்கள் கம்பி இழுப்போர். மூவரும் பணிவோடு பேசினார்கள். மூவரும் குறிப்பு எண் தந்தார்கள். அன்று மாலைக்குள் மர்டோவிடம் பதினோரிலக்கக் குறிப்பு எண்கள் மூன்று சேர்ந்திருந்தன. வீட்டில் இருந்த சூட்டின் அளவும் பதினொன்றுதான்.

வெள்ளிக்கிழமை அவன் குமிழ்களின்மேல் படையெடுத்தான். ஒவ்வொரு ஹீட்டரின் தலையிலும் குமிழ் இரண்டு உண்டு: எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, எவ்வளவு மூச்சுவிட வேண்டும் என்பதற்கு ஒன்று. குடிக்கும் குமிழை ஆறில் வைத்து மூச்சுக்குமிழை ஒன்றில் வைப்பதே மெய்ந்நெறி என்பார் கீழ்வீட்டார். இரண்டையும் நாலில் வைக்காதவர் நரகம் புகுவர் என்பார் மேல்வீட்டார். ஒரே தெருவில் நாலு திருச்சபை கட்டி, ஒரு சபையார் மறுசபை வாசலைக் கடக்கையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊரில், இரண்டு குமிழின் பேரில் இத்தனை குறைவாகப் பிளவுபட்டதே வியப்பு. மர்டோ இரு நெறிகளையும் ஆராய்ந்தான். மூன்றாவதாகத் தானே ஒன்று கண்டுபிடித்தான். இரவு பத்துக்குச் சுவிட்சுகளைப் போட்டான். வெந்நீர்ப் பை இரண்டு, கம்பளி மூன்று, தொப்பி ஒன்று என்று அணிவகுத்துப் படுத்தான். சனிக்கிழமை காலை ஏழரைக்கு உள்ளங்கை வைத்தான். கல்லறை. சுவிட்சுகளை அணைத்தான். சூட்டுக்கு ஏங்கி நின்ற அந்தக் கையேதான் அணைத்தது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கோடைக்காலத் தென்திசைத் தேசமொன்றின் காற்று படிக்கட்டில் பரவிற்று. வாசலில் ஷீனா ஸ்வான்சன் நின்றாள். வெளியே கடலையும் உறையவைக்கும் பனி. அவளோ கையில்லாத பூப்போட்ட சட்டையும் வெறுங்காலுமாக, குப்பைப் பையை ஏந்தி நின்றாள்.

"ஏன் மர்டோ, உன் மூக்கு நீலமா இருக்கு?"

மர்டோ உள்ளே எட்டிப் பார்த்தான். பூந்தொட்டியிலிருந்த செடி சனவரியில் பூத்திருந்தது.

களவுபோன ஆநிரையை மீட்கப் போவோர் கரந்தைப்பூச் சூடிப் போவது நம் முன்னோர் மரபு. தர்சோவில் கரந்தை பூப்பதில்லையாதலின், மர்டோ கம்பளித் தொப்பியை இறுக்கிச் சூடிக்கொண்டு, அளவுமானியை உருவி, பகைவர் எல்லைக்குள் அடிவைத்தான். ஷீனாவின் கூடத்து ஹீட்டரில் உள்ளங்கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான்.

"இது எப்ப சூடாகுது?"

"யாரு கண்டா. காலைல ஏதோ இருக்கும். மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா தகதகன்னு கொதிக்குது. புது மீட்டர் தங்கம்யா, தங்கம்."

"சுவிட்ச எப்ப போடற, எப்ப அணைக்கற?"

"எந்த சுவிட்ச்?"

மர்டோ சுவரைச் சுட்டினான். ஷீனா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "ஓ, அதுவா. பத்து வருஷம் முன்னால பெயிண்ட் அடிச்சவன் அதையும் சேர்த்து அடிச்சுட்டான். போட்டபடியே ஒட்டிக்கிச்சு. நகராது."

நோன்பிருந்தவன் நடுங்க, நோன்பென்னும் சொல்லே அறியாதவள் வியர்ப்பதா! இவ்வனைத்துக்கும் ஒரே விளக்கம்தான் இருக்க முடியும் என்று மர்டோவின் நேர்மையான உள்ளம் முடிவு கட்டிற்று. செவ்வாயன்று வந்த படைவீரன் கம்பியை மாற்றி இணைத்துவிட்டான். சின்க்ளேர் வீட்டு மின்சாரம் ஸ்வான்சன் வீட்டுச் செங்கல்லில் ஏறுகிறது.

"ஷீனா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. என் வீட்டுச் சூடு உன் வீட்டுல இருக்கு."

"அப்படியா? சமையக்கட்டுல பக்கெட் இருக்கு. வேணுங்கிறதை அள்ளிட்டுப் போ."

அன்றிரவே கழகத்தாருக்கு நான்கு பக்கத்தில் மடல் எழுதினான். மூன்று குறிப்பு எண்களையும் மேலே இட்டான். வெப்பநிலைகளைத் தேதிவாரியாகக் கட்டம் போட்டுக் காட்டினான். முடிவில், தன் சூடு அண்டை வீட்டாரால் அவர் அறியாமலே அனுபவிக்கப்பட்டு வருவதாகக் குற்றஞ்சாட்டிக் கையொப்பமிட்டான். மின்னஞ்சலில் அனுப்பிய நொடியிலேயே விடை வந்தது. அவ்வளவு விரைவில் படித்துவிட்டார்களே என்று ஒரு கணம் மகிழ்ந்தான். பத்து வேலை நாளுக்குள் பதில் எழுதுவோம் என்றிருந்தது.

பத்து வேலை நாள்! திங்கட்கிழமைக்கு இடையில் ஒரு ஞாயிறே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு, தோற்ற தளபதி அரசியின் முன் நிற்பதுபோல் மர்டோ கட்டிலருகே நின்று, நோட்டைப் பிரித்து, ஐந்து நாள் போரையும் ஒரு வரி விடாமல் வாசித்தான். எஃபி கண்ணை மூடிக் கேட்டாள். நாற்பத்தாறு ஆண்டு மணவாழ்க்கையில் அவன் வாசித்த நோட்டுகள் பல. எந்த வரியில் விழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஷீனா வீட்டுச் சமாச்சாரத்தை இன்னொரு தடவை படி."

"சனிக்கிழமை, மாலை ஐந்து, தொட முடியவில்லை. ஷீனாவின் வாக்குமூலம்: மதிய உறக்கத்துக்குப் பின் கொதிக்கிறது."

"ராத்திரி கரண்ட்டுல ஓடற ஹீட்டர், மத்தியானம் ஏன் கொதிக்கணும்?"

"அதான் சொல்றேனே, திருட்டு..."

"ஒரு திருட்டும் இல்ல, மக்கு மனுஷா. அந்தப் பையன் மீட்டர்ல ராவைப் பகலாக்கி வெச்சுட்டுப் போயிட்டான். ரெண்டு வீட்டுலயும்தான். மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து ஏழு வரைக்கும் கரண்ட் வருது. அந்த நேரத்துல நம்ம வீட்டு சுவிட்ச் எப்படி இருக்கும்?"

மர்டோ நோட்டை மெல்ல மூடினான்.

"அணைஞ்சிருக்கும்."

"யாரு அணைச்சா?"

ஆயிரம் காதம் துரத்திச் சென்ற பகைவனின் தேரை மறித்து, வில்லை வளைத்து, முகத்திரையை விலக்கிப் பார்த்த வீரன், அங்கே தன் முகத்தையே கண்டு அம்பு நழுவ நிற்பானே, அங்ஙனம் நின்றான் மர்டோ. கழகத்தாரையும் சங்கத்தாரையும் கம்பி இழுப்போரையும், குமிழ் இரண்டையும், குற்றமற்ற ஷீனாவையும் பழித்த அந்த ஐந்து நாளும், ஒவ்வொரு காலையும் ஏழரை மணிக்குத் தவறாமல் கோட்டைக் கதவை உள்ளிருந்து சாத்தியது அவனுடைய வலக்கை ஆட்காட்டி விரல்.

மூன்றரை மணிக்கு வீடு சேர்ந்தான். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கூடத்துச் சுவிட்சைப் போட்டான். அதன் நெற்றியிலிருந்த சிறு செவ்விளக்கு, இருபத்தொன்பது ஆண்டில் அவன் உறங்கும் வேளையில் மட்டுமே எரிந்து அவன் ஒருமுறையும் காணாத அந்தச் செங்கண், பட்டப்பகலில் பளிச்சென்று விழித்தது. அரைமணியில் தகரப்பெட்டி மெல்ல முனகியது. ஒரு மணியில் உள்ளங்கை வைத்தால் நாய்க்குட்டியின் வயிறு போலிருந்தது. ஏழடித்ததும் செங்கண் தானே மூடிக்கொண்டது. வீடு பதினாலு டிகிரி.

ஆயினும் போரின் கொடுமையான நாள் மறுநாளே. ஏனெனில் திங்களன்று பத்தரைக்கே அவன் புறப்பட்டாக வேண்டும்: மாத்திரை எதை எப்போது தருவது என்று பாடங் கேட்க வேண்டும், காகிதங்களில் கையெழுத்திட வேண்டும், பின் செவிலி கேட்ரியோனாவின் காரிலேயே மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும். மின்சாரமோ பன்னிரண்டுக்கு வரும். ஆகவே சுவிட்சுகள் மூன்றையும் போட்டபடியே, ஆளில்லாத வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரு சின்க்ளேர், தெருவில் இறங்கி நடக்க வேண்டும்.

தும்பைப்பூச் சூடிய இரு படைகள் ஒரே உடம்புக்குள் மோதின. வலக்கால் படியிறங்கியது, இடக்கால் ஏறியது. பன்னிரண்டாம் படிவரை போய்த் திரும்பி வந்து பூட்டைத் திறந்து பார்த்தான். மூன்றும் போட்டபடி இருந்தன. இருபதாம் படிவரை போய்த் திரும்பினான். இம்முறை விரல் சுவிட்சின்மேலேயே போய் அமர்ந்துவிட்டது. தந்தை அழைத்தது போலிருந்தது, தந்தையின் தந்தை தலையில் அடித்துக்கொண்டது போலிருந்தது, கப்பலேறிப் போன மூதாதையர் அனைவரும் அலைகளுக்கு அப்பாலிருந்து "அணை! அணை!" என்று ஓலமிட்டது போலிருந்தது. நெற்றி வியர்த்தது. ஒரு வாரத்தில் அவனுக்கு வியர்த்தது அப்போதுதான். விரலை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்து, கையைக் கோட்டுப் பைக்குள் சிறையிட்டு, வெளியேறினான். மூன்றாம் முறையாகப் பாதிப்படியில் திரும்பியபோது ஷீனா வாசலில் கைகட்டி நின்றாள்.

"மர்டோ, பஸ் போயிடும். போய்த் தொலை!"

"சுவிட்ச் போட்டபடி இருக்கு, ஷீனா. வீட்டுல யாரும் இல்ல."

"எரிஞ்சா நான் தீயணைப்புக்குச் சொல்றேன். எரியலேன்னா டீ போட்டு வைக்கறேன். எஃபியைக் கூட்டிட்டு வாய்யா!"

அவன் போனான். வரலாறு அதை ஒரே சொல்லில் எழுதலாம். அவன் கால்களைக் கேட்டால் நூறு பாட்டு வேண்டும்.

மூன்று மணி. செவிலி கேட்ரியோனா மெக்கே தன் கைப்பையிலிருந்து தானே கொண்டுவந்த அளவுமானியை எடுத்துக் கூடத்து மேசையில் வைத்தாள். மர்டோவின் மானியை அவள் நம்பவில்லை. எண்கள் ஏறின. பதினாறில் சிறிது நின்றன. மர்டோ மூச்சுவிடவில்லை, விட்டால் குளிருமோ என்று. பதினேழு. நடையில் எங்கோ செங்கல் ஒன்று சூட்டில் நெளிந்து டக்கென்றது. பதினெட்டு. பதினெட்டரை. முரசு முழங்கவில்லை, சங்கு ஊதவில்லை; செவிலி ஒரு கட்டத்தில் குறியிட்டு, பேனாவை மூடி, "ஆறு மணிக்கு அனுப்பி வைக்கறேன்" என்றாள்.

அவள் படியிறங்கும்போதே மர்டோவின் கைபேசி அதிர்ந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கழகத்தார் கேட்டிருந்தார்கள். நோட்டைப் பிரித்து ஐந்து நாளையும் ஒருமுறை புரட்டினான். ஒன்று என்று அழுத்தினான். மிக்க நன்றி, உங்கள் மகிழ்ச்சியே எங்கள் இலக்கு என்று விடை வந்தது.

ஆறடித்தது. வாகை சூடிய நகருக்குள் தேரேறி வரும் பேரரசி போல, விக் நகரத்து அக்கார்டியனினின்று தப்பிய மாதரசி, மருத்துவமனை வண்டியினின்று இறங்கி, இருபத்தாறு படியையும் ஒவ்வொன்றாக வென்று, ஒருபுறம் கணவனும் மறுபுறம் ஷீனாவும் தாங்க, ஆறு மணி நேரம் அடங்காமல் குடித்து இருபத்தேழு டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்த அந்த வீட்டுக்குள், செங்கண் மூன்றும் சுடர்விட்டு வரவேற்க, மூவுலகும் காண வலக்காலெடுத்து வைத்தாள்.

புழுங்குதே என்று சொல்லி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.